ஒற்றன் இல்லாத சதுரங்கம்: வேவு பார்க்கும் அயலாரும் மைசூர் தரும் பாடமும்

சதுரங்கப் பலகையில் அரசன் உண்டு, மந்திரி உண்டு, யானையும் குதிரையும் காலாளும் உண்டு, ஒற்றன் இல்லை. நால்வகைப் படையைக் கட்டங்களில் இறக்கிவைத்த ஒரு விளையாட்டில் இந்த விடுபாடு சற்றே வியப்பளிப்பது. அரசியல் நூல்கள் ஒற்றரைப் படைக்கு நிகராக வைத்தே பேசுகின்றன. அர்த்தசாஸ்திரம் தன் முதற்பகுதியிலேயே மாணவன், துறவி, உழவன், வணிகன் எனப் பல வேடம் பூண்ட ஒற்றர்களை வகைப்படுத்துகிறது. திருக்குறளின் பொருட்பாலில் 59ஆம் அதிகாரம் முழுவதும் ஒற்றாடலுக்கே உரியது.

விடுபாட்டுக்குக் காரணம் எளியது. சதுரங்கத்தில் மறைந்திருப்பது எதுவுமில்லை. எதிரியின் காய்கள் அனைத்தும் கண்முன் நிற்கின்றன. அவன் மனத்திலுள்ள திட்டம் மட்டுமே தெரியாது. ஆடுபுலி ஆட்டத்திலும் அப்படியே. புலி எங்கே இருக்கிறது என்பது ஆடுகளுக்குத் தெரியும். அடைபடும் வழி எது என்பது புலிக்கும் தெரியும். எல்லாம் வெளிப்படையாக இருக்கும் களத்தில் ஒற்றனுக்கு வேலையில்லை. பலகைக்குள் ஒற்றனைக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் எதையேனும் மறைத்தாக வேண்டும்.

ஐரோப்பாவில் அந்த மறைப்பு இராணுவப் பயிற்சியின் வழியே வந்தது. 1824இல் பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் அமர்ந்தார். ஒவ்வொரு தரப்பும் தன் படைக்குத் தெரியக்கூடியதை மட்டுமே அறிந்தது. கட்டளைகளும் செய்திகளும் நடுவர் வழியே சென்றன. செய்தி சென்றுசேரக் காலம் பிடிக்கும் என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எர்மான்ஸ் எடான் என்ற பெண்மணி உருவாக்கிய 'லத்தாக்' விளையாட்டும், அதன் வழிவந்த 'ஸ்ட்ராட்டெகோ'வும் காய்களின் தரத்தை எதிரியின் கண்ணிலிருந்து மறைத்தன. ஸ்ட்ராட்டெகோவில் 'ஒற்றன்' என்றே ஒரு காய் உண்டு. ஆனால் அது செய்தி எதையும் கொண்டுவருவதில்லை. எதிரியின் தலைமைத் தளபதியைத் தாக்கி வீழ்த்துவதே அதன் சிறப்பு. எதிரே நிற்பது யார் என்று அறிய வேண்டுமானால் சிறிய காய் ஒன்றை மோதவிட்டு இழக்க வேண்டும். அறிவுக்கு விலை உயிர் என்பதை அந்த விளையாட்டு ஓரளவு உணர்ந்திருந்தது.

1977இல் அமெரிக்காவில் வெளிவந்த 'காஸ்மிக் என்கவுண்டர்' இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். பீட்டர் ஒலோட்கா, ஜாக் கிட்ரெட்ஜ், பில் எபர்லே, பில் நார்ட்டன் ஆகியோர் வடிவமைத்த அதில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு வேற்றுக்கோள் இனமாக ஆடுகிறார். ஒவ்வோர் இனத்துக்கும் பொது விதியை மீறும் ஒரு தனி ஆற்றல் உண்டு. மோதலின்போது இருவரும் ஒவ்வொரு சீட்டை மறைவாகத் தேர்ந்து ஒரே நேரத்தில் திறப்பது பொது விதி. 'ஆரக்கிள்' என்ற இனம் அதை மீறுகிறது: எதிரி தன் சீட்டைத் திறந்து காட்டிய பிறகே அது தன் சீட்டைத் தேர்கிறது. 'மைண்ட்' என்ற இனம் பிறர் கையிலுள்ள சீட்டுகளைப் பார்க்கும் உரிமை பெற்றது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒலோட்கா, கிட்ரெட்ஜ், எபர்லே மூவரும் 'டியூன்' புதினத்தைத் தழுவி அமைத்த விளையாட்டில் அட்ரெய்டீஸ் குலத்துக்கு முன்னறியும் ஆற்றல் தரப்பட்டது. ஏலத்துக்கு வரும் சீட்டு என்னவென்று பிறர் அறியாமல் விலை கூறும்போது, அக்குலம் மட்டும் அதைப் பார்த்துவிடுகிறது. போரில் எதிரியின் திட்டத்தில் ஓர் உறுப்பை முன்கூட்டியே வெளிப்படுத்தவும் கோருகிறது.

தகவல் திரட்டும் ஓர் அயல் இனத்தை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்களை இவ்விரு விளையாட்டுகளும் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாவது, அறிதல் தன்னளவில் ஆற்றல் ஆகாது. எதிரியின் சீட்டைத் தெரிந்துகொண்டாலும், அதை வெல்லும் சீட்டு தன் கையில் இல்லாவிட்டால் பயனில்லை. முடிவெடுக்கும் கணத்துக்குச் சற்று முன்னே கிடைக்கும் அறிவு மட்டுமே மதிப்புடையது. இரண்டாவது, எல்லாவற்றையும் எப்போதும் அறிந்தவர் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கு ஆட்டமே இல்லாமற்போகும். ஆகவே தடை தேவைப்படுகிறது. காஸ்மிக் என்கவுண்டரில் 'ஸாப்' சீட்டு ஒன்றை இறக்கினால் அயல் இனத்தின் ஆற்றல் அந்த மோதலில் செயலற்றுப் போகிறது. மூன்றாவது நுட்பமானது: அறிந்தவரின் நடத்தை பிறருக்குத் தகவலாகிறது. அட்ரெய்டீஸ் குலம் ஆர்வத்தோடு விலையை ஏற்றினால் அந்தச் சீட்டு நல்ல சீட்டு என்று மற்றவர்கள் ஊகித்துவிடுவர். ஆகவே அறிந்தவர் அறியாதவர்போல் நடிக்கவும் வேண்டியிருக்கிறது.

இம்மூன்றையும் வடிவமைப்பாளர்கள் நன்கு சிந்தித்திருக்கிறார்கள். நான்காவதாக ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை: அந்தத் தகவலைக் கொண்டுவருபவர் யார்? ஆரக்கிளுக்கும் மைண்டுக்கும் உண்மை நேரே கண்ணுக்குத் தெரிகிறது. இடையில் ஆள் இல்லை. ஆகவே பொய் இல்லை, கூலி இல்லை, காட்டிக்கொடுத்தல் இல்லை.

ஆங்கிலத்தில் 'ஏலியன்' என்ற சொல் வேற்றுக்கோள் உயிரைக் குறிப்பதற்கு நெடுங்காலம் முன்பே வேற்று நாட்டாரைக் குறித்தது. அப்பொருளில் பார்த்தால், தகவல் திரட்டும் அயல் இனம் ஒன்று உண்மையாகவே ஒரு நாட்டில் செயல்பட்ட விதத்தை ஆராய மைசூரைவிடப் பொருத்தமான களம் குறைவு. 1790 முதல் சுமார் இருபது ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கும்பினி அங்கே செய்ததனைத்தும் மேற்சொன்ன மூன்று விதிகளையும் மெய்ப்பிக்கிறது. நான்காவது கேள்விக்கும் விடை தருகிறது.

1791 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் வேலூரிலிருந்து புறப்பட்டபோது, ஆம்பூர்க் கணவாய் வழியே மைசூருக்குள் நுழையப்போவதாகத் தோற்றம் காட்டினார். திப்பு சுல்தானின் கவனம் அங்கே திரும்பிய வேளையில் படை வடக்கே சித்தூர்ப் பக்கம் திரும்பி முகிலிக் கணவாய் வழியே எதிர்ப்பின்றி மேட்டுநிலம் ஏறியது. தன் நடத்தையை எதிரி வேவு பார்க்கிறான் என்று அறிந்து, அந்த வேவையே பொய்யால் நிரப்பிய செயல் அது. மார்ச் 5ஆம் நாள் படை பெங்களூரை அடைந்தது. 7ஆம் நாள் பேட்டையும் 21ஆம் நாள் இரவில் கோட்டையும் வீழ்ந்தன. கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரில் மாண்டார்.

இரண்டே மாதத்தில் நிலை தலைகீழானது. மே 15இல் அரகெரேயில் திப்புவின் படையை வென்றும், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாயில்வரை வந்தும், கார்ன்வாலிஸ் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். காளைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன, தானியம் தீர்ந்தது, மழை பிடித்துக்கொண்டது. பின்வாங்கிச் செல்லும் வழியில் எதிரே குதிரைப்படை தென்பட்டபோது கும்பினிப் படையினர் அதை எதிரி என்றே முதலில் எண்ணினர். வந்தது கூட்டாளிகளான மராத்தியர் படை. பரசுராம் பாவும் ஹரி பந்தும் அவ்வளவு அருகில் வந்துவிட்ட செய்தி கார்ன்வாலிஸுக்கு எட்டவில்லை. திப்புவின் இலகு குதிரைப்படை இடைவழியில் தூதுவர்களையெல்லாம் மறித்திருந்தது. சில நாட்கள் முன்னதாக அச்செய்தி கிடைத்திருந்தால் அந்தப் பீரங்கிகள் அழிக்கப்பட்டிருக்கமாட்டா. 'ஸாப்' சீட்டின் வரலாற்று வடிவம் இதுவே. ஆனால் இங்கே தடுக்கப்பட்டது ஏதோ ஓர் அருவமான ஆற்றல் அன்று. வழியில் நடந்துகொண்டிருந்த மனிதர்கள்.

அந்த மனிதர்களுக்கு அர்க்காராக்கள் என்று பெயர். செய்தி சுமப்பதும் வேவு பார்ப்பதும் அவர்கள் தொழில். ஒரே ஊரின் அர்க்காரா இரு தரப்புக்கும் வேலை செய்யக்கூடும். கேட்டவர் விரும்பும் செய்தியைச் சொல்லக்கூடும். பிடிபட்டால் உயிர் போகும். திருக்குறளும் அர்த்தசாஸ்திரமும் ஓர் ஒற்றன் சொன்னதை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்வதும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தால் மட்டுமே நம்பச் சொல்வதும் இதனால்தான். செய்தி என்பது சொல்பவனின் நலனோடு பிணைந்தது என்பதை அந்நூல்கள் ஐயமின்றி அறிந்திருந்தன.

கும்பினி 1791இன் பின்னடைவிலிருந்து வேறொரு பாடம் கற்றது. அப்போரில் வேவுத்துறையை நடத்தியவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குக் கீழே பணிபுரிந்தவர் தாமஸ் மன்றோ. 1792 உடன்படிக்கையால் பாரமகால் கும்பினி வசமானபோது, அதன் வருவாய் நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டவர்களும் அவர்களே. எதிரியின் தானியம் எங்கே இருக்கிறது, எந்தக் கிராமம் யார் பக்கம் என்று நேற்றுவரை விசாரித்தவர்கள், இன்று எந்த நிலம் எவ்வளவு விளையும், யார் எவ்வளவு செலுத்துவார் என்று விசாரித்தார்கள். பின்னாளில் இரயத்துவாரி முறை என்று பெயர்பெற்றதன் வேர் இந்த விசாரணைகளில் இருக்கிறது. போர்க்கால வேவு அமைதிக்கால நிர்வாகமாக மாறிய கணம் அது.

1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டபின் இம்மாற்றம் விரைவடைந்தது. அடுத்த ஆண்டே பிரான்சிஸ் புக்கானன், வெல்லெஸ்லியின் ஆணைப்படி சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், மலபார், கனரா நாடுகளின் பயிர், மண், சாதி, கைத்தொழில் ஆகியவற்றை ஊர் ஊராகக் கேட்டு எழுதினார். 1807இல் அது மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. சொல்வோர் முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வதையும் விளைச்சலை மறைப்பதையும் அவர் பல இடங்களில் குறைகூறுகிறார். வரி விதிக்க வந்தவர் என்று ஐயுற்ற உழவர் வேறெப்படிச் சொல்வார்? அயலாரின் குறிப்பேட்டில் 'பொய்' என்று பதிவானது, சொன்னவரின் நோக்கில் தற்காப்பு.

இதே 1800ஆம் ஆண்டில்தான் சொல்பவரே தேவைப்படாத தகவல் ஒன்று பெங்களூருக்குக் கிழக்கே பிறந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வில்லியம் லாம்டன் பாணஸ்வாடிக்கும் அகரத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோடு ஒன்றை அளந்தார். அளக்கப் பயன்பட்ட எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசளிக்கக் கொண்டுசெல்லப்பட்டுப் பயன்படாமல் திரும்பிய பொருள்களுள் ஒன்று. ஒரு கோட்டின் நீளமும் அதன் இரு முனைகளிலிருந்து தொலைவிலுள்ள ஓர் இலக்கு காணும் கோணங்களும் தெரிந்தால் போதும். முக்கோணத்தின் மற்றப் பக்கங்களை நடந்து அளக்காமலேயே கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தை ஆதாரமாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது எனத் தீபகற்பம் முழுவதையும் பின்னிவிடலாம். 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே மீண்டும் தொடங்கி, பின்னர் மாபெரும் முக்கோணவியல் நில அளவையாக வளர்ந்த பணிக்கு இதுவே ஒத்திகை.

இன்று குழந்தை இயேசு ஆலயத்தால் அறியப்படும் விவேக் நகர் அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே அமைந்துள்ளது. 1809இல் கும்பினியின் பாளையம் பெங்களூரில் நிறுவப்பட்டபின், சென்னைப் படையோடும் அதன் தேவைகளோடும் பெயர்ந்துவந்த தமிழர்கள் குடியேறிய நிலப்பரப்பின் தொடர்ச்சியில் பின்னாளில் எழுந்த குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. 1947 வரை அப்பாளையப் பகுதி மைசூர் அரசரின் ஆட்சிக்கு உட்படாமல் பிரிட்டிஷாரின் நேரடி ஆளுகையில் இருந்தது. முதலில் அளவை, பிறகு பாளையம், பிறகு ஊர் என்ற வரிசை கவனிக்கத்தக்கது. எதிரியின் கையை எட்டிப் பார்த்த நிலையிலிருந்து, ஆட்டப் பலகையையே தன் கணக்குக்கேற்ப வரைந்துகொள்ளும் நிலைக்கு அயல் இனம் நகர்ந்துவிட்டது.

ஆனால் சொல்பவர் இல்லாத அறிவு என்பது அளவையாளரின் கனவாகவே இருந்தது. சங்கிலி பிடிக்கவும் கொடி நடவும் கருவி சுமக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. லாம்டனுடைய சமகாலத்தவரான காலின் மெக்கன்சியின் பணியில் இது இன்னும் வெளிப்படை. மைசூர் அளவையை 1799க்குப் பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நடத்திய மெக்கன்சி, நிலத்தோடு நில்லாமல் கல்வெட்டு, வம்சாவளி, கோயில் வரலாறு, ஊர்க்கணக்கு அனைத்தையும் திரட்டினார். திரட்டியவர்கள் அவருடைய உதவியாளர்கள். காவலி வெங்கட போரய்யா பழங்கன்னட எழுத்துகளைப் படிக்கும் வழியைத் திறந்தவர். இளம் வயதில் 1803இல் இறந்தார். அவருடைய தம்பி இலட்சுமய்யா அப்பணியை ஏற்று நடத்தினார். ஊர்ப் பெரியோரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, யாரை நம்புவது என்ற முடிவுகளெல்லாம் அவர்களைப் போன்றோர் எடுத்தவை.

1821இல் மெக்கன்சி இறந்தார். அவர் பெயரால் அமைந்த தொகுப்பின் சுவடிகளும் தாள்களும் இன்று சென்னையிலும் லண்டனிலும் உள்ளன. அவருக்குப் பின் அப்பணியைத் தம் தலைமையில் தொடர விரும்பி இலட்சுமய்யா விண்ணப்பித்தபோது, வங்காள ஆசியச் சங்கம் அதை ஏற்கவில்லை. அத்தகைய ஆய்வை நடத்தும் திறன் இந்தியர் ஒருவருக்கு இராது என்று கருதப்பட்டது. இருபது ஆண்டுகளாகத் தகவலைத் தேடியும் மொழிபெயர்த்தும் ஒழுங்குபடுத்தியும் தந்தவர், அந்தத் தகவல் முழுமையடையும் தறுவாயில் தேவையற்றவரானார்.

பலகை விளையாட்டின் அயல் இனத்தில் விடுபட்டிருப்பது இலட்சுமய்யாவின் இடமே. ஆரக்கிளும் மைண்டும் வெறும் கற்பனைகள் அல்ல. தகவல் தருபவரின்றித் தகவல் கிடைக்க வேண்டும் என்ற பேரரசின் பழைய ஆசை அவற்றில் விதியாக நிறைவேறியிருக்கிறது. ஆப்கானிய வரலாற்றைக் கொண்டு கோல் வெர்லே அமைத்து 2015இல் வெளியான 'பாக்ஸ் பாமிர்' இதற்கு ஒரு மாற்றுவழியைக் காட்டுகிறது. அங்கே ஒற்றர்கள் அரசவைச் சீட்டுகளின்மீது நகர்ந்து, காட்டிக்கொடுத்தலைச் சாத்தியமாக்குகிறார்கள். அவர்கள் செய்தியைக் கொணர்வதில்லை எனினும், உறவுகளுக்குள் புகுந்தவர்களாகவாவது இருக்கிறார்கள்.

மைசூரின் பாடத்தை விதிகளாக்க முற்படும் ஒரு வடிவமைப்பாளர், காஸ்மிக் என்கவுண்டர் போன்ற ஆட்டத்துக்கு 'அர்க்காரா' என்றோர் இனத்தை இவ்வாறு அமைக்கலாம். மோதலுக்கு முன் அது எதிரியின் கையை நேரே பார்க்காது. மோதலில் ஈடுபடாத மூன்றாம் ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் மட்டும் எதிரியின் கையைப் பார்த்து, தாம் கண்டதில் ஒன்றைச் சொல்வார். மெய்யும் சொல்லலாம், பொய்யும் சொல்லலாம். சீட்டுகள் திறந்தபின் சொன்னது மெய் எனத் தெரிந்தால் அவருக்குக் கூலியாக ஒரு சீட்டு கிடைக்கும்; அயல் இனத்தின் கணக்கில் ஒரு குறி ஏறும். ஒரே எதிரியைப் பற்றிக் குறிப்பிட்ட அளவு குறிகள் சேர்ந்துவிட்டால், அதன்பின் அயல் இனம் அந்த எதிரியின் கையைத் தானே பார்த்துக்கொள்ளும். கூலியும் அத்துடன் நின்றுபோகும்.

இவ்விதிகளின்கீழ் மூன்றாம் ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் தம் நிலையை எடைபோட்டாக வேண்டும். எப்போதும் பொய் சொன்னால் கூலி இல்லை. எப்போதும் மெய் சொன்னால் தம்முடைய தேவையையே தாம் அழித்துக்கொள்வார். நாளை அயல் இனம் திரும்பிப் பார்க்கப்போவது தம் கையையும்கூட. எதிரி அவரோடு மறைவாக உடன்பாடு செய்துகொள்ளலாம். அயல் இனம் அவரை ஐயுற்று இன்னொருவரை நாடலாம். ஒரே செய்தியை இருவரிடம் கேட்டுச் சரிபார்க்கும் பழைய அறிவுரை அப்போது வெறும் நீதியாக நில்லாமல் ஆட்டத் தேவையாகிவிடும். 1791இல் தூதுவர்களை மறித்த குதிரைப்படைக்கு ஈடாக, செய்தி சொல்லப்படுமுன் தூதரையே தடுக்கும் சீட்டு ஒன்றும் இதில் பொருந்தும்.

இது விளையாட்டுக் கலையோடு முடியும் செய்தியன்று. காலனிய வரலாற்றைப் பலகை விளையாட்டுகளின் வழியே கற்பிக்கும் முயற்சிகள் வகுப்பறைகளில் பெருகிவரும் காலம் இது. விதி எதை எண்ணுகிறதோ அதையே மாணவர் வரலாறு என்று உணர்வர். அயலார் அனைத்தையும் கண்டார், ஆகவே வென்றார் என்று கற்பிக்கும் விதி, ஆவணக் காப்பகத்தின் அட்டையில் மெக்கன்சியின் பெயரை மட்டும் எழுதிய கையின் வேலையைத் தொடர்கிறது. உண்மையில் அயலாருக்குக் கண்ணாக இருந்தவர்கள் இந்த மண்ணினர். அவர்கள் ஏன் பார்த்துச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், இறுதியில் என்ன பெற்றார்கள் என்ற கேள்விகளுக்கு இடம் தரும் ஆட்டமே அந்த வரலாற்றுக்கு நேர்மையானது.